மூன்று இலக்கமும் சொன்னவனுக்கு

மச்சான் அருளப்பு,

நேரில் கண்டால் உன்னைத் திட்டித்தான் கதையைத் தொடங்குவேன். இப்போது திருப்பித் திட்ட நீ இல்லை. அதனால் இந்த ஒரு முறை அன்போடு தொடங்குகிறேன். நீ போய் ஒரு வருசம் ஆகிறது. பேப்பரில் உன் படத்தைப் போட்டு நாலு வரி எழுதினால் காணும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நாலு வரிக்குள் அடங்காத விசயம் ஒன்று என்னிடம் இருக்கிறது. உனக்குச் சொல்கிறேன், மற்றவர்களும் வாசிக்கட்டும்.

உப்புவெளியில் உன் எஞ்சின் பட்டறை இருந்த இடத்தில் இப்போது வெளிநாட்டுக்காரருக்குச் சைக்கிள் வாடகைக்கு விடுகிறார்கள். மண்ணெண்ணெய் விலை இறங்க மனமில்லாமல் அப்படியே நிற்கிறது. மாகாண சபைத் தேர்தல் இந்தா வருது, இந்தா வருது என்கிறார்கள். நீ இருந்தபோதும் இதையேதான் சொன்னார்கள். எனக்கு அலுத்துப்போய்விட்டது மச்சான். என் வலைக்கடைக்கு வருகிற சனமும் முன்னைப்போல அரசியல் கதைப்பதில்லை. வலையை இழுத்துப் பார்க்கிறார்கள், விலையைக் கேட்கிறார்கள், போகிறார்கள்.

போன கிழமை எதிர்க்கட்சியின் மாவட்ட அமைப்பாளர் கடைக்கு வந்தார். போன பாராளுமன்றத் தேர்தலில் உன்னைப் பட்டியலில் போட்டவர்தான், அதே ஆள். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி என்னை 'நானா' என்றுதான் தொடங்குவார்.

"நானா, இந்த முறை விடமாட்டம். ஊருக்கு ஒருத்தர். பட்டியல் முடிஞ்ச மாதிரி."

"போன முறையும் இதைத்தானே சொன்னீங்க?"

"ஒரு ஆசனம் வந்ததுதானே! இந்த முறை கூட வரும். உப்புவெளிக்குத்தான் ஆள் இல்லை. அருளப்பு அண்ணன்ட மகளை ஒருக்காக் கேட்டுப் பாருங்களன். அப்பாவை நினைச்சுச் சனம் போடும்."

"அவள் வெல்லுவாளா?"

அவர் சிரித்தார். "நானா, உங்களுக்குத் தெரியாத கதையா?"

தெரியும் மச்சான். உனக்குச் சொல்லாமல் விட்டது அதைத்தான்.

வாசிக்கிறவர்களுக்காக விளக்கிவிடுகிறேன். வாக்குச்சீட்டில் முதலில் கட்சிக்குப் புள்ளடி போடுகிறோம். பிறகு, விரும்பினால், அந்தக் கட்சியின் ஆட்களில் மூன்று பேரின் இலக்கங்களுக்கும் போடலாம். கட்சிக்கு எத்தனை ஆசனம் என்பதை எல்லா ஊர் வாக்குகளையும் சேர்த்துப் பார்ப்பார்கள். அதில் யார் உட்காருவது என்பதை அந்த இலக்கங்கள் முடிவு செய்யும். ஆகவே கட்சி ஒவ்வொரு ஊரிலும் சனத்துக்குப் பிடித்த ஒருவரைத் தேடிப் பிடிக்கும். அவர் வெல்லத் தேவையில்லை. தன் ஊர் வாக்கைக் கட்சிப் பக்கம் கொண்டுவந்து சேர்த்தால் போதும். வெல்லப்போகிறவர் யார் என்பது மேலே இருக்கிற இரண்டு மூன்று பேருக்கு முதலே தெரியும். ஆளுங்கட்சியும் இதைத்தான் செய்கிறது, அவர்கள் இந்தக் கடிதத்தை வெட்டி ஒட்டிச் சந்தோசப்பட ஒன்றுமில்லை.

நானும் வியாபாரிதான். என் கடை வாசலில் சிவப்பும் மஞ்சளுமாக வலை மிதப்புகளைத் தொங்கவிட்டிருப்பது மிதப்பு விற்க அல்ல, ஆட்களை உள்ளே கூப்பிட. நீ அந்த மிதப்பு மச்சான்.

உன்னை வாசலில் தொங்கவிட்டது நான்.

அந்த முறையும் அமைப்பாளர் என் கடைக்கு வந்துதான் கேட்டார், "உப்புவெளியில யார் சொன்னாச் சனம் கேக்கும்?" என்று. நான் உன் பெயரைச் சொன்னேன். "அவர் வெல்ல வேணாம் நானா, நிண்டாக் காணும்" என்றார். அதையும் கேட்டுக்கொண்டுதான் உன்னிடம் வந்தேன். "நீ நிண்டால் வெல்லுவாய்" என்றேன். கையில் கிறீசோடு நிமிர்ந்து பார்த்து, "உண்மையாவோ?" என்றாய். ஓம் என்றேன். பிறகு ஊரிலும் அதையேதான் சொல்லித் திரிந்தேன்.

ஏன் சொன்னேன்? ஆட்சியின் மேல் எனக்கு அவ்வளவு வெறுப்பு இருந்தது, அது உண்மை. ஆட்சி மாறினால் துறைமுகப் பக்கம் எனக்கு ஒரு களஞ்சிய அறை கிடைக்கும் என்ற நினைப்பும் இருந்தது, அதுவும் உண்மை. ஆட்சியும் மாறவில்லை, அறையும் கிடைக்கவில்லை.

உன்னை எங்கள் குறிஞ்சாக்கேணிக்குக் கூட்டிக்கொண்டு போனது நினைவிருக்கிறதா? வெள்ளைச் சேட்டு உனக்குத் தோளில் இறுக்கமாக இருந்தது. "எனக்கு ஒண்டு போடுங்கோ, மற்ற ரெண்டையும் எங்கட ஆக்களுக்கே போடுங்கோ. நாங்கள் எல்லாரும் ஒரு கட்சி" என்று மூன்று இலக்கங்களையும் சொல்லிக் கொடுத்தாய். முதலாவதாக, பட்டியலில் வெல்லவென்றே வைத்திருந்த அந்தப் பெரியவரின் இலக்கத்தைச் சொன்னாய், உன்னுடையதைக் கடைசியாக. நீ போன வீடுகளுக்கே அவருடைய ஆட்கள் பின்னால் போனார்கள். அவர்கள் ஒரே ஒரு இலக்கத்தைத்தான் சொன்னார்கள். என் தம்பி சிரித்தான்: "உங்கட கூட்டாளி நல்ல மனிசன் நானா. மற்றவனுக்கு வோட்டுக் கேக்க இவ்வளவு வேர்க்கிறாரே!" நான் அதையும் உன்னிடம் சொல்லவில்லை.

முடிவு வந்தது. பெரியவர் பாராளுமன்றம் போனார். பிறகு அவரை இந்தப் பக்கம் கண்டவர்கள் குறைவு. நீ கடைக்கு வந்து, "நான் கதைச்சது சனத்துக்கு விளங்கேல்லப் போல" என்றாய். "அடுத்த முறை பாப்பம்" என்றேன். எவ்வளவு லேசாகச் சொன்னேன்!

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்திருக்கும் நேரம் பார்த்து ஜெசிந்தாவிடம் போனேன். உன் மகள் இப்போது அன்புவழிபுரத்தில் இருக்கிறாள், பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறாள். மிஞ்சிய உன் போஸ்டர்களைக் குசினி அலுமாரித் தட்டுகளில் விரித்திருக்கிறாள். அவள் கோப்பையை எடுத்தபோது அதன் அடியில் உன் பல்லுத் தெரிந்தது. "அப்பா சாமானுக்குக் காவல் இருக்கிறார், மாமா" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்போடு அமைப்பாளர் சொன்னதைச் சொல்லிவிட்டு எழும்பி வந்திருக்கலாம். அவளும் "மாமா சொன்னால் சரி" என்று சம்மதித்திருப்பாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன், களஞ்சிய அறை உட்பட.

மெசினை நிற்பாட்டிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை.

"அப்பா கடைசி வரைக்கும் தன்ட பேச்சிலதான் பிழை எண்டு நினைச்சவர், மாமா. கண்ணாடிக்கு முன்னால நிண்டு கதைச்சுப் பழகினவர். அடுத்த முறைக்கெண்டு."

எனக்கு அது தெரியாது மச்சான். நீ தோற்றதால் சாகவில்லை. உன்னைக் கொண்டுபோனது சீனி வருத்தம், அந்த நீரிழிவு. ஆனால் அந்தக் கடைசி மாதங்களை நீ உன் மேலேயே பிழை பிடித்துக்கொண்டு கழித்தாய், பிழைக்காரன் கிழமைக்கொருக்கா வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனான். உண்மையை முதலே சொல்லியிருந்தால் நீ நின்றிருப்பாயா? நின்றிருப்பாய் என்றும் ஒரு மனம் சொல்கிறது. ஆனால் அதை நீயல்லவா முடிவு செய்திருக்க வேண்டும்?

"நான் நிக்கேல்ல எண்டு அவருக்குச் சொல்லுங்கோ" என்றாள். "ஆனா எனக்கு மட்டும் சொல்லி என்ன மாமா? நான் இல்லாட்டி இன்னொரு ஆளைப் பிடிப்பினம். அப்பாவை வெல்லுவார் எண்டு ஊருக்கு முன்னாலதானே சொன்னனீங்கள்? இதையும் ஊருக்கு முன்னால சொல்லுங்கோ."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வாசல் வரைக்கும் வந்தாள், அவ்வளவுதான்.

அமைப்பாளரிடம் அவள் பதிலைச் சொன்னேன். "அப்ப நீங்களே வாங்களன் நானா" என்றார். "வெல்லுற இடத்திலயா, வாசல்லயா?" என்று கேட்டேன். அவருக்குத் திடீரென்று போன் வந்துவிட்டது.

வாக்களிக்காமல் இருக்கப்போவதில்லை மச்சான். இப்போது இருப்பவர்களை விட எதிரில் இருப்பவர்கள் வந்தால் கொஞ்சமாவது பயத்தோடு ஆளுவார்கள் என்று இன்னும் நினைக்கிறேன். அலுப்போடுதான் வரிசையில் நிற்பேன், ஆனால் நிற்பேன். இதை உனக்குச் சத்தியமாகச் சொல்கிறேன்: இனி எவருடைய பெயரையும் அவருக்குத் தெரியாமல் கொடுக்கமாட்டேன். பெயர் கேட்டு வருகிறவரை, அந்தப் பெயருக்குரிய மனிசனுக்கு முன்னாலேயே உட்கார்த்துவேன். இந்தப் பட்டியலில் யார் வெல்லப்போகிறார்கள், அந்த மனிசனை எதற்காகப் போடுகிறார்கள் என்று, கேட்டு வந்தவர் வாயாலேயே சொல்ல வைப்பேன். கேட்ட பிறகும் அந்த மனிசன் நின்றால், அவனுடைய இலக்கத்தை மட்டும் வீடு வீடாகப் போய்ச் சொல்ல நான் வருவேன்.

உன் பேச்சில் ஒரு பிழையும் இருக்கவில்லை, அருளப்பு.

உனக்கு ஓம் என்று பொய் சொன்ன மச்சான்,
வலைக்கடை சமது