கணக்கில் சேராத வழக்கு

அன்புத் தம்பிக்கு,

உன் அறையில் இருந்த லாரி ஓட்டுநர் நேற்று விடுதலையாகி வீட்டுக்குப் போய்விட்டார். "எனக்கு அலைஞ்சது போதும்க்கா. அவருக்கு யாருமில்ல, அவரைப் பாரு" என்று கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து நீ சொன்னதால்தான் அந்த வழக்கை எடுத்தேன்.

இலவசமாக வாதாடியதற்காக வழக்கறிஞர் சங்கத்தில் என்னைப் பாராட்டப்போகிறார்களாம். "அப்போ என் தம்பி கேஸ்?" என்று கேட்டேன். தலைவர் தயங்கித்தான் சொன்னார்.

"அது இதுல சேராதும்மா. வசதியில்லாத வெளி ஆளுக்குச் செஞ்சாதான் இலவச சேவை. கூடப்பிறந்தவனுக்குச் செஞ்சது பாசம்."

அவர் சொன்னதில் தப்பில்லை.

சிறை வாசலில் ஓட்டுநரின் மனைவி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். உன் மேல்முறையீடு தள்ளுபடியானதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. உன் சட்டைகளைத் துவைத்து மடித்து வைத்துக்கொண்டே இருக்கிறாள்.

இருட்டில் பார்த்ததாகச் சொல்லும் சாட்சியை நம்பி ஒருவரை அடைத்து வைக்கலாமா என்று உனக்காகக் கேட்டதைத்தான் ஓட்டுநருக்காகவும் கேட்டேன். ஒரு வார்த்தைகூட மாற்றவில்லை. உனக்காகப் பேசும்போது மட்டும் குரல் உடைந்துவிட்டது, தம்பி.

உன் அக்கா