அழகுக்கலைப் பள்ளி ஆய்வாளரின் அறிக்கை

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: இன்று காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு உன் தம்பியின் மேலுதட்டில் மூன்றாவது முடி பிறந்தது. முடியும் உதடும் நலம்.

உன் கடிதம் வந்தது. காப்பீட்டு அலுவலக வேலையை விட்டுவிட்டு அழகுக்கலை படிக்கப் போகிறாய். நம் ஊரில் இருக்கும் மூன்று பள்ளிகளையும் நான் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும். போனில் பேசாமல் கடிதம் போட்டாயே, அங்கேதான் நீ என் அக்கா. என் போனை என்னைவிட அம்மாதான் நன்றாகப் படிக்கிறாள்.

கவலையை விடு. என் கண்ணிலிருந்து ஒரு சீப்புகூடத் தப்பாது.

இப்படிக்கு,
தலைமை ஆய்வாளர்

மார்ச் 8

என் அருமைக் குரங்கே,

விளையாட்டை மூட்டை கட்டி வை. பொம்மைத் தலையில் மட்டும் சொல்லித் தருகிறார்களா, உயிருள்ள ஆள் மேல் கை வைக்க விடுகிறார்களா என்று பார். முடி வெட்டுவதா, முகப் பராமரிப்பா, மணப்பெண் அலங்காரமா, எதில் இறங்குவதென்று எனக்கே இன்னும் தெரியவில்லை. எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்க விடும் இடமாக வேண்டும்.

இருபத்தைந்தாம் தேதி ராஜினாமா கொடுக்கிறேன். அன்றே நீ கை காட்டும் பள்ளிக்குப் பணம் அனுப்பிவிடுவேன். எனக்கு இருப்பது இந்த ஒரே ஒரு வாய்ப்புதான்டா.

அக்கா

மார்ச் 14

அன்பு அக்கா,

ஆய்வு முடிந்தது. மூன்றுக்கும் நேரில் போனேன். நேரில் என்றால் நேரில்.

மணிக்கூண்டுப் பள்ளி சொர்க்கம். சுவரெல்லாம் கண்ணாடி, சுழல் நாற்காலி முப்பது. ரயில்வே கேட் பள்ளி சுமார். நாற்காலியும் ஆடுகிறது, வாத்தியாரும் ஆடுகிறார். தையல்கடை மாடிப் பள்ளியா? கிட்டவே போகாதே. எல்லாம் கத்துக்குட்டிகள்.

"உக்காருங்க தம்பி, இலவசமா அழகு பண்ணி விடுறோம்"னு கூப்பிட்டார்கள். "இந்த மூஞ்சில இதுக்கு மேல அழகு வைக்க இடமில்லீங்க"ன்னு சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

தலைமை ஆய்வாளர்

மார்ச் 18

தம்பி,

உன் அறிக்கையைப் படித்து விடுதி அறையே சிரித்தது. மணிக்கூண்டுப் பள்ளிதான். ராஜினாமா எழுதியாகிவிட்டது, கையெழுத்து மட்டும் பாக்கி. முதல் முறையாக உன்னை நம்பி ஒரு காரியத்தில் இறங்குகிறேன். பயமாகக்கூட இல்லை.

நேற்று அம்மா போனில், "இவன் நாலு நாளா விடிஞ்சதும் தலையில துண்டைப் போட்டுக்கிட்டு எங்கயோ போறான்டி. திருந்திட்டானோன்னு பயமா இருக்கு" என்றாள். என்னடா விஷயம்?

அக்கா

மார்ச் 20, விரைவு அஞ்சல்

அக்கா,

கையெழுத்துப் போடாதே. முதலில் வந்து நீயே பார்.

மணிக்கூண்டுக்கு நான் போகவே இல்லை. முப்பது நாற்காலிகளும் அவர்களுடைய விளம்பரத் தாளில் சுழன்றவை. ஆடுகிற வாத்தியார் என் சொந்தத் தயாரிப்பு.

போனது தையல்கடை மாடிக்கு மட்டும். உட்காரச் சொன்னார்கள், உடனே உட்கார்ந்துவிட்டேன். உன் வயதுப் பெண் ஒருத்தி புருவத்துக்குக் கீழே மெழுகு தடவும்போது, சும்மா வேடிக்கைக்கு, "ஐயோ, கண்ணு போச்சு!" என்று அலறினேன். அவள் கை துள்ளி, மெழுகு புருவத்தின் நட்டநடுவில் இறங்கியது. அதை உரித்தபோது பாதிப் புருவமும் கூடவே விடைபெற்றது.

அவள் அழுதுவிட்டாள். டீச்சர் திட்டவில்லை. "அழுதது போதும்மா. இப்ப இதை வரையக் கத்துக்க" என்று பென்சிலைக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். முடி முடியாக ஒரு மணி நேரம். அப்புறம் என்னிடம், "முளைக்கிற வரைக்கும் தினமும் வகுப்புக்கு முன்னாடி வாங்க தம்பி, அவளுக்கும் பயிற்சியாச்சு" என்றார். அங்கே பொம்மைத் தலை கிடையாது அக்கா. என் தலைதான்.

அம்மா இன்னும் கண்டுபிடிக்கவில்லை. அந்தப் பெண் அவ்வளவு நன்றாக வரைகிறாள். ஆனால் அழகுப் பள்ளிக்காரர்கள் வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவார்களே! அதனால்தான் மற்ற இரண்டுக்கும் போகவில்லை. அந்த எரிச்சலில்தான் இவர்களைக் கத்துக்குட்டி என்று எழுதினேன்.

இன்னும் ஒன்று. நான் அலறியது பொய் என்று அவளுக்குத் தெரியாது. தன் கைதான் சரியில்லை என்று நினைத்துத் தினமும் மன்னிப்புக் கேட்கிறாள். நாளைக் காலை சொல்லிவிடப் போகிறேன். இன்னொரு புருவமும் போனால் போகட்டும்.

உன் தம்பி