பதினாலு முறை கூப்பிட்ட நர்ஸ்

மாரியம்மன் துணை

புரட்டாசி 12

என் வீட்டுக்காரர் பகலவன் அவர்களுக்கு, கலையரசி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நம் மகள் சங்கவி ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறாள். மாடு சினையாக இருக்கிறது. ஒரிசாவில் எந்தக் காட்டில் தண்ணீருக்குப் போர் போட்டாலும் அம்மன் உங்கள் பக்கத்தில் நிற்பாள்.

அருள்மொழி உங்கள் போர் வண்டிக்குத் திரும்புகிறார் என்பதால் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்ல முடியவில்லை. உங்கள் பக்கம் வண்டி இரைச்சல், என் பக்கம் உங்கள் தங்கை நிர்மலா. மார்பில் இருந்த கட்டி மருந்தில் கரைந்துவிட்டது என்று சொன்னேனே, அது பொய். புற்றுநோய் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மூன்று ஊசி ஆகிவிட்டது. தலையில் முடி இல்லை. வீடியோ வேண்டாம் என்றது அதனால்தான்.

ஆஸ்பத்திரியில் தனுஷா என்று ஒரு நர்ஸ். ஊசி போடுவது அவள் வேலை இல்லை. எந்த நாள் வரணும், எந்த அறைக்குப் போகணும், காப்பீட்டு அட்டைக்கு யாரைப் பார்க்கணும் என்று எங்களைக் கூடவே கூட்டிப் போவதுதான் வேலை. வீட்டுக்கு வந்த பிறகும் விடுவதில்லை. “இன்னா சாப்டீங்கக்கா? வாயில புண்ணு இருக்குதா?” என்று போன் செய்கிறாள். ஒவ்வொரு முறையும் தேதி, நேரம், கேட்ட கேள்வி எல்லாம் நோட்டில் எழுதி வைத்தேன். பதினாலு முறை. நிர்மலா நோட்டைப் பார்த்துவிட்டு, “கமிசன் இல்லாம எவ இத்தினி வாட்டி கூப்புடுவா அண்ணி? வேற ஆஸ்பத்திரிக்குத் தள்ளிவுடப் பாக்குறா” என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

ஆடியில் இரண்டாவது ஊசிக்குப் போகணும். ஊரில் காப்புக் கட்டிவிட்டார்கள். கட்டியபின் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. ஊசி போட்டால் அங்கே ஒரு ராத்திரி தங்கணும். நான் யோசிக்கவே இல்லை. போனை அணைத்து அரிசிப் பானைக்குள் போட்டேன்.

ஐந்தாம் நாள் தனுஷாவே பஸ் ஏறி வந்துவிட்டாள். என்னைத் திட்டவில்லை. நேரே பூசாரி முனியனிடம் போய், “விளக்கு வைக்கிறதுக்குள்ள திரும்பிட்டா தப்பாங்கய்யா?” என்று கேட்டாள். தப்பில்லை என்றார். மறுநாள் காலையில் முதல் ஆளாக எனக்கு ஊசி என்று சொல்லி வைத்து, பொழுதுபோகுமுன் என்னை வீட்டில் சேர்த்தாள்.

அப்போதும் நான் விடவில்லை. “உனக்கு இதுல இன்னாம்மா கெடைக்குது?” என்று கேட்டேன்.

“சம்பளம்க்கா” என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, கல்வராயன்மலையிலிருந்து வந்த சாமியம்மாள் என்பவள் வைத்தியத்தைப் பாதியில் விட்டுவிட்டதைச் சொன்னாள். “ரெண்டு வாட்டி கூப்ட்டேன். மூணாவது வாட்டி கூப்புடலக்கா. வந்துடுவாங்கன்னு இருந்துட்டேன்.”

அதையும் நான் நம்பவில்லை. மலையிலிருந்து புளி கொண்டுவரும் பெரியண்ணனிடம் விசாரித்தேன். நிஜம்தானாம். சாமியம்மாள் தையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டாளாம். காரியத்தன்று யாரோ ஒரு நர்ஸ் வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தாளாம்.

ஐப்பசியில் மார்பை எடுக்கணும் என்கிறார்கள். எடுத்தால் பிழைக்கலாம் என்கிறாள் தனுஷா. பாதி நம்புகிறேன். அப்படி எடுத்தபின் நம்மைப் பற்றி உங்களிடம் ஒன்று கேட்க நினைத்தேன், எழுதக் கை வரவில்லை.

நான் போனை அணைத்துவிட்டால் அடுத்து யாரைக் கூப்பிடுவது என்று கேட்டாள். உங்கள் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். தெரியாத நம்பரை நீங்கள் எடுக்க மாட்டீர்கள். இதை எடுங்கள். வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு எடுங்கள். பொய் சொல்கிறாளா என்று நீங்களும் கேட்டுப் பாருங்கள். ஆனால் கலையரசி வரமாட்டேன் என்கிறாள் என்று அவள் சொன்னால், சரி விடுங்க என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அம்மன் உங்களைக் காக்கட்டும்.

கலையரசி