சேர்ந்த தேதி

அக்டோபர் 6, திங்கள்

காலையிலிருந்து தூறல். பஸ் லேட். கடைக்குள் போகும்போது 9.40. பத்து நிமிஷத்துக்கு அரை நாள் பிடிப்பார்கள். பிடிக்கட்டும்.

தீபாவளிக்கு இரண்டு வாரம்தான். பட்டு செக்‌ஷனில் நிற்க இடமில்லை. சாப்பாடு மூன்றேகாலுக்கு. ரசம் ஊசிப்போயிருந்தது, கொட்டிவிட்டு வெறும் சோறு.

சாயந்திரம் சம்பள ரிஜிஸ்டரில் கையெழுத்து. எப்போதும் கணக்கர் ஒரு அட்டையை வைத்து மறைத்துக்கொண்டு, கடைசிக் கட்டத்தை மட்டும் காட்டி "இங்க போடும்மா" என்பார். இன்று அவர் லீவு. புதுசாக வந்த பெண் நோட்டை அப்படியே என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு போன் பார்த்துக்கொண்டிருந்தது. படித்தேன்.

கு. வசந்தா. விற்பனையாளர். சம்பளக் கட்டத்தில் அரசாங்கம் சொன்ன குறைந்தபட்ச ஊதியம், சுத்தமாக. எனக்குக் கையில் வருவது அதைவிட மூவாயிரத்துச் சொச்சம் கம்மி. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரியாதது அடுத்த கட்டம். சேர்ந்த தேதி: போன வருஷம் ஜூன்.

நான் சேர்ந்தபோது என் பிள்ளை கவி மூன்றாம் வகுப்பு. இப்போது தஞ்சாவூரில் காலேஜ் இரண்டாம் வருஷம். பதினோரு வருஷம்.

கையெழுத்துப் போட்டேன். பின்னால் ஆறு பேர் நின்றார்கள்.

திரும்பும் பஸ்ஸில் மெகரிடம் சொன்னேன். மெகருன்னிசா, சுடிதார் செக்‌ஷன், எட்டு வருஷமாக. அவள் ஆச்சரியப்படவில்லை.

"எங்க மச்சான் வேலை பாக்குற கடையிலயும் இதே வேலைதாங்க்கா. அஞ்சு வருஷம் முடிஞ்சிட்டா, நாம வேலைய விட்டு நிக்கும்போது பணிக்கொடை தரணும். அதனால அப்பப்ப நம்மள நோட்டுல புதுசா சேர்த்துக்குறாங்க."

"கேக்க ஆளில்லையா?"

"நாமதான் கேக்கணும்."

கேஸ் புக் பண்ண வேண்டும். கவிக்கு ஸ்வெட்டர் வேண்டுமாம், ஹாஸ்டலில் குளிராம். தஞ்சாவூரில் என்ன குளிர்?

அக்டோபர் 8, புதன்

லேபர் ஆபீசிலிருந்து வருகிறார்கள் என்று காலையிலேயே தகவல். மேலே குடோனிலிருந்து பதினாறு ஸ்டூல் இறங்கியது; வேலையாட்கள் உட்கார இடம் தரணும் என்று சட்டமாம். ஒன்றில்கூட யாரும் உட்கார்ந்த அடையாளமில்லை, பாலிதீன் கவர் அப்படியே. கிழித்துப் போட்டார்கள். "ஆபீசர் அம்மா வர்றப்போ ரெண்டு பேராவது உக்காந்திருங்க" என்று மேனேஜர். உட்காரச் சொல்லி உத்தரவு. பதினோரு வருஷத்தில் முதல் தடவை.

பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தீபாவளி முடியட்டும் வசந்தாம்மா, பட்டுக்கு இன்சார்ஜ் நீங்கதான். முதலாளிகிட்ட சொல்லிட்டேன்." வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதில்லை.

ஆய்வாளர் ஐம்பது வயதுப் பெண். கண்ணாடி, காட்டன் புடவை, மெதுவான பேச்சு. ஒவ்வொருத்தராக விசாரித்துத் தன் கையால் எழுதிக்கொண்டார். மேனேஜர் எனக்கு நாலடி பின்னால் கை கட்டி நின்றார்.

"எத்தனை வருஷமா வேலை பாக்குறீங்கம்மா?"

"ஒரு வருஷம் மேடம். இப்பதான், போன வருஷம் ஜூன்."

"சம்பளம் ரிஜிஸ்டர்ல இருக்கிறபடி வருதா?"

"வருது."

கையெழுத்து வாங்கிக்கொண்டார். என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். நின்று நின்று முழங்கால் வரை நரம்பு சுருட்டிக் கிடக்கிறது எனக்கு. ஒரு வருஷத்தில் வருமா அது.

அடுத்து மெகர். அதே மேனேஜர், அதே நாலடி. "எட்டு வருஷம் மேடம். நோட்டுல உள்ள சம்பளம் வர்றதில்ல" என்றாள். டைம் கேட்டால் சொல்வது போல.

நான் புடவை மடித்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 9, வியாழன்

மெகரை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். வாட்ச்மேன் சொன்னாராம், "உன் பேரு லிஸ்ட்ல இல்லம்மா." அவ்வளவுதான். கடிதம் கிடையாது, நோட்டீஸ் கிடையாது. மழையில் எதிர் பேக்கரி வாசலில் கொஞ்ச நேரம் நின்றிருந்தாள். இரண்டாவது மாடிக் கண்ணாடியிலிருந்து பார்த்தேன். கீழே இறங்கிப் போகவில்லை.

ஸ்டூல்கள் திரும்ப குடோனுக்கு.

இன்று விற்றது: கல்யாணப் பட்டு 4, சாதாப் பட்டு 19. பாபநாசத்துக்காரர்கள் மூன்று மணி நேரம் பார்த்துவிட்டு ஒன்றுமே எடுக்காமல் போனார்கள். மேனேஜர் என்னைத்தான் முறைத்தார்.

அக்டோபர் 14, செவ்வாய்

பல் வலி. கிராம்பு.

நாத்தனார் அஞ்சலை வந்திருந்தாள். சம்பா நடவு நடக்கிறது. காலையில் ஏழு மணிக்கு வயலில் இறங்கினால் ஒரு மணிக்குக் கரையேறிவிடுகிறார்கள். கரையேறியதும் கையில் கூலி. இந்த வருஷம் கூட்டிக் கேட்டார்களாம். கொடுக்காவிட்டால் பன்னிரண்டு பேரும் வரப்பிலேயே உட்கார்ந்துவிடுவோம் என்றிருக்கிறார்கள். பண்ணைக்காரர் ஒரு மணி நேரம் தாங்கவில்லை.

"நீ ஏசில நிக்கிறவ. ஒனக்கென்ன அண்ணி" என்றாள். நிஜமாகவே அப்படித்தான் நினைக்கிறாள். எங்கம்மா சேற்றில் நின்றவள், நான் நிற்கமாட்டேன் என்றுதானே பன்னிரண்டாவது முடித்ததும் முதலில் வேறொரு ஜவுளிக்கடைக்கு ஓடினேன். சரி என்றேன். காபி போட்டுக் கொடுத்தேன்.

அவள் அரை நாள் கூலியை என் ஒரு நாளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். எழுத மனமில்லை.

அக்டோபர் 22, புதன்

இன்சார்ஜ் பேட்ஜ் குத்திவிட்டார்கள். கை தட்டினார்கள். சம்பளத்தில் மாற்றமில்லை. பூட்டுச் சாவி மட்டும் கூட. இனிமேல் அரை மணி முன்னால் வரணும்.

மத்தியானம் மெகரிடமிருந்து போன். எடுத்துவிட்டேன்.

"மனு குடுத்திருக்கேன்க்கா. வெள்ளிக்கிழமை விசாரணை. நான் எட்டு வருஷம் இருந்தேன்னு ஒருத்தர் சொன்னாப் போதும். யாரும் வர மாட்டேங்கிறாங்க."

என்மேல் கோபமே இல்லை அவள் குரலில். அதுதான் தாங்கவில்லை. வருகிறேன் என்றேன்.

அக்டோபர் 24, வெள்ளி

காய்ச்சல் என்று லீவு சொல்லிவிட்டு லேபர் ஆபீசுக்குப் போனேன். அங்கே மேனேஜர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் கடை வக்கீல். என்னைப் பார்த்து வணக்கம் வைத்தார். அன்றைக்கு வந்த அதே அம்மாதான் விசாரணைக்கும்.

மெகர் எட்டு வருஷமாக வேலை பார்த்தாள், எனக்குத் தெரியும் என்று சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

வக்கீல் எழுந்திருக்கக்கூட இல்லை. "மேடம், எட்டாம் தேதி நீங்க எழுதின வாக்குமூலத்துல இந்தம்மா சேர்ந்தே ஒரு வருஷம்தான்னு இருக்கு. அதுக்கு ஏழு வருஷம் முன்னாடி நடந்தது இவங்களுக்கு எப்படித் தெரியும்?"

அந்த அம்மா ஃபைலைப் புரட்டினார். காகிதத்தை என் பக்கம் திருப்பினார். "உங்க கையெழுத்துதானம்மா?"

என் கையெழுத்துதான். வ-வுக்குச் சுழி போட்டு.

எழுந்து வந்துவிட்டேன். விசாரணை நவம்பர் 5க்குத் தள்ளிவைப்பு. நான் சொன்ன பொய்யால் மெகர் சொன்ன உண்மை பொய்யாகிவிட்டது. பஸ் ஸ்டாண்டு வரை கூடவே நடந்து வந்தாள். "மழை வருது, சீக்கிரம் போங்க்கா" என்றாள்.

அக்டோபர் 25, சனி

வேலை போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. மேனேஜர் சிரித்தபடி, "காய்ச்சல் எப்படி இருக்கு?" பிறகு டீ வரவழைத்தார், கண்ணாடி கிளாஸில். எங்களுக்கு எப்போதும் பேப்பர் கப்.

"நேத்து நீங்க வந்ததும் நல்லதுக்குத்தான். கேஸ் சுத்தமா விழுந்துடுச்சு."

குடித்தேன்.

அக்டோபர் 31, வெள்ளி

தூக்கமில்லை. வீட்டுக்காரர் பட்டுக்கோட்டைப் பக்கம் டிராக்டர் ஓட்டப் போயிருக்கிறார், உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று போனில் கேட்டேன். "வேல போனா என்ன பண்றது, கவி பீஸு இருக்கு" என்றார். பிறகு, "நீ என்ன செய்யணும்னு எங்கிட்ட ஏன் கேக்குற" என்றார். வைத்துவிட்டார்.

பால்காரர் கணக்கு முடித்தாயிற்று.

நவம்பர் 5, புதன்

லீவு சொல்லவில்லை. நேராக விசாரணைக்குப் போய்விட்டேன்.

மெகர் என்னை எதிர்பார்க்கவில்லை. மேனேஜரும்தான்.

"மேடம், அன்னிக்கு நான் சொன்னது பொய். பதினோரு வருஷமா இருக்கேன். இவ எனக்கு மூணு வருஷம் கழிச்சு வந்தா. நான்தான் இவளுக்கு அளவு பார்க்கச் சொல்லிக்கொடுத்தேன்."

வக்கீல் சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை.

"அன்னிக்கு சொன்னது பொய்யா, இன்னிக்கு சொல்றது பொய்யா? நான் எதை எடுத்துக்கிறது?"

"அன்னிக்கு எனக்குப் பின்னாடி நாலடியில அவர் நின்னாரு மேடம். இன்னிக்கும் இங்கதான் இருக்காரு. இன்னிக்கு சொல்றதால எனக்கு வேலை போகும். பொய் சொல்லி யாராவது வேலையை விடுவாங்களா?"

பிறகு ஒரு வெள்ளைத் தாளை என் முன்னால் தள்ளினார். "உங்க கையாலேயே எழுதுங்க. நான் எழுத மாட்டேன்."

எழுதினேன். ஒன்றரைப் பக்கம். எந்த வருஷம் எந்த செக்‌ஷன், எந்த மாடி, யார் மேனேஜர், எல்லாம். மெகருக்குக் கிடைக்குமா என்று கேட்டேன். "பழைய ரிஜிஸ்டரை எல்லாம் கொண்டுவரச் சொல்லியிருக்கேன். பாக்கலாம்" என்றார். பாக்கலாம் என்றால் பாக்கலாம்தான். எனக்கு ஒன்றும் பெரிய நம்பிக்கையில்லை.

வெளியே மெகர் என் பையை வாங்கிக்கொண்டாள். அழவில்லை இரண்டு பேரும். சமோசா சாப்பிட்டோம், ஆறிப்போன சமோசா.

நவம்பர் 6, வியாழன்

காலை 9.05க்குக் கடையிலிருந்து போன். மேனேஜர் இல்லை, அந்தப் புதுப் பெண். நீங்க இனிமே வர வேண்டாம்னு சொல்லச் சொன்னாங்க. பேட்ஜ், சாவி, யூனிஃபார்ம் புடவை ரெண்டும் துவைச்சு அயர்ன் பண்ணி ஒப்படைச்சிடணுமாம். பாவம், இருபது வயசு.

அதனிடம், ரிஜிஸ்டரில் உன் சேர்ந்த தேதியை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள் என்றேன். போனை வைத்துவிட்டது.

புடவை இரண்டும் கொடியில் கிடக்கிறது. துவைக்கப் போவதில்லை.