லீவு என்று தொடங்கியது

டோஹா

அன்பின் உம்மாவுக்கு,

அல்லாஹ் உங்களைச் சுகமாக வைத்திருக்கட்டும். முழங்கால் வலி எப்படி? எனக்கு ஒரு குறையும் இல்லை.

நான் வேலை செய்யும் கந்தோரில் ஒரு சிரிப்பான சங்கதி. கம்ப்யூட்டரில் நான் புரோகிராம் எழுதும் எடிட்டரில் சொல்லைத் தொடங்கினால் போதும், முன்பு அதிகம் எழுதியதைப் பார்த்து அதுவே முடித்துவிடும். கொஞ்சக் காலமாக நான் எழுதுவது ஊழியர்களின் லீவை ரத்துச் செய்யும் புரோகிராம். பெருநாள் லீவை இரண்டு நாள் நீட்டிக் கேட்கும் கடிதத்தையும் களைப்பில் அதிலேயே எழுதினேன். 'லீவு' என்று தொடங்கினேன். அது 'லீவு ரத்து' என்று முடித்தது. வாசிக்காமல் அனுப்பிவிட்டேன்.

இங்கே எந்த விண்ணப்பமும் இவ்வளவு விரைவாக நிறைவேறியதில்லை. மனேஜர் பவ்ஸான் நானாவிடம் ஓடினேன்.

"நீ கேட்டதைத்தானே தந்தனான் தம்பி. உன்ர இடத்தில இப்ப நான் ஊருக்குப் போறன்" என்றார்.

இந்தக் கடிதத்தைக் கொண்டு வருபவர் அவர்தான். தேத்தண்ணி கொடுங்கோ. கொஞ்சம் கருவாடும் கொடுத்துவிடுங்கோ.

மகன் வந்தால்தான் புது வீட்டில் பால் காய்ச்சுவேன் என்று தறப்பாள் கூரை போட்ட கொட்டிலிலேயே இருக்கிறீர்கள். சிலாவத்துறையில் மாரி மழை தொடங்கப் போகிறது. குடிபோங்கோ உம்மா. கடல் பக்கத்து அறையில் எனக்கொரு பாய் மட்டும் விரித்து வையுங்கோ.

பவ்ஸான் நானா பெட்டியை மூடுகிறார்.

மகன்
கலந்தர்