செத்தவன் எழும்பும் விளையாட்டு

இன்று காலை மில்லிக்கனில் இருக்கும் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் குழாய் ஒழுகியது. சுற்றிக் கட்டுவோமென்று சாம்பல்நிற ஒட்டு ரேப்பை இழுத்துக் கிழித்தேன். அந்தப் பசை மணம் மூக்கில் ஏறியதும் குழாயை அப்படியே விட்டுவிட்டுப் படியில் இருந்துவிட்டேன். "என்னப்பா, ஒழுக்கு நிண்டுட்டுதோ?" என்று மனிசி மேலேயிருந்து கத்துகிறாள். நிற்கவில்லை. ஒழுகட்டும். உன்னோடு கொஞ்சம் கதைக்க வேண்டும், மச்சான்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுணில் நாம் இருந்த அப்பார்ட்மென்றில், சோபாவில் சப்பாணி கட்டிக்கொண்டு, நீ ஒரு தடித்த பிரம்புக்கு இதே ரேப்பைச் சுற்றிக்கொண்டிருந்தாய்.

"உது என்னடா?"

"வாள்."

"பள்ளிக்கூடத்திலை பிரம்பாலை வாங்கினது காணாதெண்டே இஞ்சையும் வாங்கப் போறாய்?"

நீ கோப்பை கழுவிய உணவகத்தின் சமையல்காரன் கெவின் உன்னை ஒரு கூட்டத்தில் சேர்த்துவிட்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காவில் கூடி, இரும்புத் தலைக்கவசமும் பலகைக் கேடயமுமாக, பழைய ராசாக்களின் படைபோல் உடுத்துச் சண்டைபிடிக்கிற வெள்ளைக்காரர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சண்டைக்குப் பயந்து கடல் தாண்டி வந்துவிட்டு, இங்கே லீவு நாளில் சண்டைக்குப் போகிறாயா, உனக்கென்ன விசரா என்று கத்தினேன். நீ ரேப்பைப் பல்லால் கடித்து அறுத்தாய்.

"உதிலை செத்தவன் எழும்பி வந்து கை குடுக்கிறான் மச்சான். ஒருக்கா வந்து பார்."

உன்னைத் தனியே விடப் பயந்துதான் வந்தேன். வந்த இடத்தில் எனக்கும் ஒரு தலைக்கவசத்தை மாட்டிவிட்டார்கள். ஆளாளுக்கு ஒரு பழைய நாட்டுப் பெயர் வைத்திருந்தார்கள். உன்னிடம் கேட்டபோது, "எங்கடை ஊரிலையும் ராசா இருந்தவர், நான் அவரின்ரை படையாள், எனக்கு என்ரை பேரே போதும்" என்று உனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாய். அவர்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். உணவகத்தில் உன்னைச் 'சாம்' என்றுதான் கூப்பிடுவார்கள். இந்தப் பூங்காவில் தாடியும் வயிறுமாக நின்ற அந்த மனிதர்கள் உன் முழுப்பெயரையும் நாக்கைச் சுழற்றிச் சுழற்றிப் பழகினார்கள். அன்று பஸ்ஸில் வரும்போது நீ சிரித்துக்கொண்டே வந்தாய். எவ்வளவு காலத்துக்குப் பிறகு!

அவர்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. அடி பட்டதா இல்லையா என்று நடுவர் சொல்லமாட்டார், அடித்தவனும் சொல்லமாட்டான். பட்டவன்தான் சொல்ல வேண்டும். பயிற்சியில் கையை உயர்த்திவிட்டு விலகினால் சரி. பெரிய சண்டையில் அப்படியில்லை. தலையிலோ கழுத்திலோ பட்டால் செத்ததாகக் கணக்கு. அந்த இடத்திலேயே விழுந்து, சண்டை முடிந்ததென்று சங்கு ஊதும்வரை வாய் திறக்காமல் கிடக்க வேண்டும். பட்டும் விழாதவன் பொய்யன், அவனுக்கு அந்தக் கூட்டத்தில் பிறகு இடமில்லை.

இதைக் கேட்டதும் நான் உன்னைத் திரும்பிப் பார்த்தேன். உன் கதை எனக்கு மட்டும்தான் தெரியும். ஒருநாள் குசினியில் வெங்காயம் வெட்டியபடி, என் முகத்தைப் பாராமல் சொன்னாய். ஊரில் ஆமிக்காரர் சுடத் தொடங்கியதும் றோட்டில் எல்லோரோடும் விழுந்து, செத்தவன்போலப் பொழுதுபடும்வரை கிடந்தாய். பக்கத்தில் உன் தம்பி. "அசையாதை எண்டு அவனுக்குச் சொன்னன் மச்சான். அவன் கடைசிவரைக்கும் அசையேல்லை." அந்த நாளுக்குப் பிறகு நீ தலையணைகளை அடுக்கி, பாதி சாய்ந்து இருந்தபடிதான் நித்திரை கொள்வாய். முகத்தை நிலத்தோடு வைக்க உன்னால் முடியாது.

இலையுதிர் காலத்துப் பெரிய சண்டைக்கு வெளியூர்க் கூட்டங்களும் வர இருந்தன. "போகாதை" என்றேன். "போகாட்டி என்ன நினைப்பினம்?" என்றாய். சண்டை தொடங்கியதுமே நான் செத்துப்போனேன். புல்லில் கிடந்து, தலைக்கவசக் கம்பிகளுக்குள்ளால் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ நன்றாகத்தான் அடித்தாய், பாவி. பின்னுக்குப் பின்னுக்கு வந்து எனக்குக் கிட்ட நின்றாய். அப்போது விட்பி ஊரிலிருந்து வந்த ஒரு தாடிக்காரன் உன் கழுத்தில் ஒன்று போட்டான். சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

நீ விழவில்லை.

தாடிக்காரன் வாளைத் தாழ்த்தி, மரியாதையாக ஓர் அடி பின்வாங்கிக் காத்து நின்றான். நீ நின்றாய். பக்கத்தில் சண்டைபிடித்தவர்களும் நிறுத்திவிட்டார்கள். கெவினின் முகம் சிவந்தது. "ஏமாத்துறான்" என்று பின்னாலிருந்து ஒருவன் ஆங்கிலத்தில் கத்தினான். நீ குனிந்து புல்லையே பார்ப்பதை நான் கண்டேன். அவர்களுக்கு நீ நிற்பது திமிராகத்தான் பட்டிருக்கும். எழும்பி விளக்கம் சொல்லலாமா? அந்தக் கதையை அவர்களுக்கு நான் எந்த ஆங்கிலத்தில் சொல்வேன்? உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட ஒரே இடம் உன் கையைவிட்டுப் போகப்போகிறது.

சட்டமாவது மண்ணாங்கட்டியாவது! கிடந்தபடியே தமிழில் கத்தினேன். "டேய், நான் இஞ்சை கிடக்கிறன். எனக்குப் பக்கத்திலை வந்து படு."

செத்தவன் கதைக்கிறான் என்று யாரோ ஒருவன் சிரித்தான். நீ சிரிக்கவில்லை. முதலில் முழங்காலில் இருந்தாய். பிறகு கையை ஊன்றி, மெல்ல மெல்ல என் பக்கத்தில் குப்புறப் படுத்தாய். என் மணிக்கட்டை நீ பிடித்த பிடியில் எலும்பு நொந்தது. இரும்புக்குள்ளே உன் மூச்சு இரைந்தது. "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை" என்று சொல்லிக்கொண்டே கிடந்தேன். உனக்குக் கேட்டதோ தெரியாது.

சங்கு ஊதியது. புல் முழுக்கக் கிடந்தவர்கள் முனகிச் சிரித்துக்கொண்டு எழும்பினார்கள். தாடிக்காரன் உனக்குக் கைகொடுக்கக் குனிந்து நின்றான். நீ முகத்தை எடுக்கவில்லை. அப்படியே கிடந்து, சின்னப்பிள்ளை கேட்பதுபோலக் கேட்டாய்.

"எல்லாரும் எழும்பிட்டினமோ?"

"ஓம்" என்றேன். "எல்லாரும் எழும்பிட்டினம்."

அதன்பிறகுதான் எழும்பினாய். தாடிக்காரனின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினாய். பிறகும் எத்தனையோ வருடம் அந்தப் பூங்காவுக்குப் போனாய், எத்தனையோ தரம் செத்தாய், எழும்பினாய். வீட்டில் தலையணைகளும் ஒவ்வொன்றாகக் குறைந்தன. அதைப் பற்றி நாம் இருவரும் ஒருநாளும் கதைத்ததில்லை.

போன மாதம் உன்னைப் பெட்டியில் நேராக மல்லாக்கக் கிடத்தியிருந்தார்கள். உன் பிள்ளைகள் அழுதார்கள், நானும் குழறி அழுதேன். ஆனாலும் மச்சான், அன்றைக்கு நீ புல்லில் கிடந்து யாரைப் பற்றிக் கேட்டாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் ஓம் சொன்னேன். அந்த ஒரு பொய்யை இன்னும் மனத்தில் வைத்துக்கொண்டிருக்கிறேன். இப்போது அங்கே தம்பியைக் கண்டிருப்பாய். கோவிக்காதை. உன்னை எழுப்ப எனக்கு வேறு வழி தெரியவில்லை.