பேங்க் மேல் தப்பில்லை, காயத்ரி

காஞ்சிபுரம்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள காயத்ரிக்கு,

சிவபாலன் மாமா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் கை போகிறது. பாப்பா சௌக்கியம். அதுவரைக்கும் நிஜம்.

இந்தக் கவரில் பேங்க் கொடுத்த கடிதம் இருக்கிறது. ஒரிஜினல், முத்திரையோடு. உன் இரண்டாம் வருஷச் செலவுக்கான லோன் பணம் வந்துவிடும் என்று அதில் போட்டிருக்கிறது. முதலில் அதைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு அப்புறம் இதைப் படி. போனிலேயே சொல்லியிருக்கலாம். நடுவில் நீ ஏதாவது கேட்டால் எனக்குப் பதில் வராது. அதனால்தான் பேப்பர்.

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் எல்லாம் கேட்டேன். லெட்டர் பாக்ஸில் உன் பேரை ஒட்டி வைத்தும் விசா ஆபீஸ் தபால் திரும்பிப் போன கதையை என்னோடு புடவை டிசைன் போடுகிற வசந்த்திடம் சொன்னேன். பாஸ்போர்ட்படி அப்பா பேர்தான் உன் குடும்பப் பேர், தபாலெல்லாம் குமாரசாமிக்கு வருகிறது, டப்பாவில் காயத்ரி என்று இருந்தால் தபால்காரர் என்ன செய்வார். "அப்போ ஜெர்மனியில உங்க மாமனாருதான் படிச்சிக்கினு இருக்காரு" என்றான். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கண்ணாடி பாட்டிலைக் குப்பையில் போட்டதற்குக் கீழ்வீட்டுக்காரர் கத்தினாரே, அதையும் சொன்னேன். ஞாயிறன்று சத்தம் போடக்கூடாது என்றால் தறி ஓடுகிற நம் தெரு முழுக்க ஜெயிலில்தான் இருக்கும்.

ஆனால் அந்தத் தபால் திரும்பியதால் அப்பாயின்ட்மென்ட் போய், குளிரில் மறுபடி வரிசையில் நின்று, உள்ளே போனதும் பேங்க் பேப்பர் எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்களே, அதை யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த தடவையும் பேப்பர் இல்லையென்றால் ஊருக்குக் கிளம்பவேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்கள் என்றாய். பேங்க்காரங்களைச் சும்மா விடாதீங்க மாமா என்றாய்.

சண்டை போடத்தான் போனேன். லோன் செக்‌ஷனில் ஏஞ்சல் என்று ஒரு மேடம். சர்வர் டவுன், மேனேஜர் லீவு என்று உன் அப்பா உன்னிடம் சொன்னதையெல்லாம் சொல்லிக் கேட்டேன். அந்தம்மா ஃபைலை எடுத்துப் பார்த்தார். "சர்வருக்கு என்ன சார், நல்லாத்தான் இருக்குது. ஒவ்வொரு வருஷமும் பொண்ணோட அப்பா வந்து கையெழுத்து போடணும். அவரு வந்தாரு. இனிமே பணம் அனுப்ப வேணாம், பொண்ணு திரும்பி வருது, மூத்த மருமகனுக்கே கட்டிக்குடுக்கப் போறோம்னு சொல்லிட்டுப் போனாரு. பாவம், அந்த ஆளுக்குப் பொண்டாட்டி செத்துட்டாளாம், சின்ன கொயந்தையாம். எந்தப் பொண்ணு சார் இந்தக் காலத்துல ஒத்துக்கும்?" என்றார். பிறகு, "நீங்க யாரு சார்?" என்று கேட்டார்.

பக்கத்து வீடு என்றேன்.

வெளியே வந்து நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டேன். வண்டியை அங்கேயே விட்டுவிட்டது வாசலுக்கு வந்தபிறகுதான் தெரிந்தது.

பேங்க் மேல் தப்பில்லை, காயத்ரி. கையெழுத்து விஷயம் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கல்யாணப் பேச்சு முன்பே தெரியும். உன் அம்மா ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே, "காயத்ரியே வந்துட்டா கொயந்தைக்கு ஒரு கவல இல்ல" என்றார். நான் மோர் கேட்டேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அதை அவர்கள் சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள், நானும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். உன் அக்கா போனதிலிருந்து எனக்கு எதுவும் வேண்டும் என்றும் தோன்றுவதில்லை, வேண்டாம் என்றும் தோன்றுவதில்லை. சாப்பாடு வருகிறது, பாப்பா தூங்குகிறாள், கம்ப்யூட்டரில் பார்டர் டிசைன் பாதியில் நிற்கிறது. உன் வாழ்க்கையையும் அந்த மாதிரிப் பாதியில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

போன வாரம் வீடியோவில் பாப்பா உன்னை அம்மா என்று கூப்பிட்டாள். நீ அழுதுகொண்டே கட் செய்தாய். அது அவளாகச் சொன்னதில்லை. உன் போட்டோவைக் காட்டி உன் அம்மா சொல்லிக்கொடுத்தது. நான் அதே அறையில்தான் இருந்தேன்.

பேங்க்குக்குப் போய்வந்த அன்று சாயங்காலமே உன் அப்பாவிடம் கேட்டேன். அவர் தறியை நிறுத்தவில்லை. "அவ அங்க என்னா கிழிக்கிறா மாப்ள? பாட்டிலு போட்டா திட்டு, லைன்ல நின்னா திட்டு. அக்கா சாவுக்குத்தான் வரல. அக்கா கொயந்தைக்காச்சும் வரட்டும்" என்றார். நான் கட்டிக்க மாட்டேன் என்றேன். உள்ளேயிருந்து உன் அம்மா, "நாளைக்கு எவளோ ஒருத்தி வந்து எம் பேத்திய அடிச்சா பாத்துக்கினு இருப்பீங்களா?" என்று கேட்டார். யாரையுமே கட்டப்போவதில்லை என்றேன். இந்த வயசில் ஒருவன் அப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள்.

அப்போதுதான் அதைச் சொன்னேன். கையெழுத்துப் போடவில்லையென்றால் பாப்பாவை வாலாஜாபாத்தில் என் அக்கா காந்தா வீட்டில் விட்டுவிடுவேன், திரும்ப இந்த வாசலுக்குக் கூட்டிவர மாட்டேன் என்றேன். கத்தவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னேன். பாப்பா உன் அம்மா மடியில் இருந்தாள். பெண்ணைப் பறிகொடுத்தவர்களிடம் பேத்தியைக் காட்டி மிரட்டியிருக்கிறேன். வேறு வழி இருந்திருக்கும். எனக்கு வந்தது அதுதான்.

தறிச் சத்தம் நின்றது.

மறுநாள் உன் அப்பா சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். என் வண்டி பேங்க் வாசலில் இருந்ததால் ஷேர் ஆட்டோவில் போனோம். முட்டி இடிக்க எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அவர் கையெழுத்துப் போடும்போது ஏஞ்சல் மேடம் என்னைப் பார்த்து, "பக்கத்து வீட்டு சாருதானே?" என்றார். உன் அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். "ஆமாம்மா, பக்கத்து வூடுதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தில் போட்டார்.

அப்பா அம்மாவிடம் சண்டை போடாதே. சாப்பாடு இப்போதும் அவர்கள் வீட்டில்தான். தட்டு வைக்கிறார்கள், பேசுவதில்லை. பாப்பாவை நான் தூக்கினால் உன் அம்மா முகம் மாறுகிறது. அதை நான்தான் சம்பாதித்தேன், நான்தான் சரி செய்யவேண்டும்.

இன்னொன்று. அக்கா சாவுக்கு வராதவள் என்று யார் சொன்னாலும் தலை குனியாதே. அப்போது உனக்கு அந்த ஊர் விசா அட்டை வரவில்லை, வெளியே போனால் திரும்ப விடமாட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து உன் அக்கா புவனா உன்னிடம், "வராதடீ, அட்டைய கையில வாங்கிக்கினு வா" என்று சொன்னபோது போனைப் பிடித்துக்கொண்டிருந்தது நான். இத்தனை நாள் உன்னை எல்லோரும் பேசக் கேட்டும் இதை உன் அம்மாவிடம் சொல்லவில்லை. இந்தக் கவரை அனுப்பிவிட்டு வந்ததும் சொல்கிறேன்.

பேப்பரைக் கொடுத்துவிட்டு ரசீது கேட்டு வாங்கு. அட்டை வந்ததும் டிக்கெட் போடாதே. வருஷ தெவசத்துக்கும் வரவேண்டாம், நான் செய்துகொள்கிறேன். குளிருக்கு நல்ல ஷூ வாங்கு. படித்து முடி.

நீ அங்கே நன்றாக இருக்கவேண்டும், காயத்ரி. நீ அங்கே இருந்தால்தான் நான் இங்கே உன் அக்கா புருஷனாக மட்டும் இருக்கமுடியும்.

இப்படிக்கு,
உன் மாமா
சிவபாலன்